ரோசின், ஷாட்டர் (கஞ்சாவிலிருந்து எடுக்கிற கெட்டிப் பிசின்) எல்லாம் எனக்குப் புதுசு. எங்கேயிருந்து தொடங்குறது? (ஒன்டாரியோ)

குடந்தை_கிச்சனர்:

வணக்கம் மக்களே. கிச்சனர்ல இருக்கேன். வயசு 31, ஐடி வேலை, ஒர்க் பர்மிட். பி.ஆர். (நிரந்தர வசிப்புரிமை) அப்ளை பண்ணிட்டுக் காத்திருக்கேன். கஞ்சாவில் என் அனுபவம்னா கடையில் விக்கிற கம்மீஸ் (கஞ்சா மிட்டாய்) மட்டும்தான். அதுவும் 10 மில்லிகிராம் துண்டைக் கத்தியால நாலா நறுக்கி, ஒரு துண்டு வாயில போட்டு, படம் பாத்துட்டுத் தூங்கிடுவேன். சிகரெட் பழக்கம் கிடையாது.

ஆகஸ்ட் லாங் வீக்கெண்டுக்கு மஸ்கோகா பக்கம் காட்டேஜ் எடுத்திருக்கோம், ஆபீஸ் ஆளுங்க ஏழெட்டு பேர். அதுல திருச்சிக்காரன் ஒருத்தன் இந்த டாப் (பிசினைச் சூடாக்கி ஆவியை இழுக்குறது) விஷயத்துல பெரிய வித்வான். கண்ணாடி ரிக் (இழுக்குற குழாய்), குவார்ட்ஸ் பாங்கர் (பிசினைச் சூடாக்குற கிண்ணம்), நெருப்பு டார்ச்னு தனிப் பெட்டியே வச்சிருக்கான். பிறந்தநாள் பரிசுன்னு எனக்கு ஒரு கிராம் லைவ் ரோசின் கொடுத்தான். கட்டை விரல் அகலத்துக்குச் சின்னக் கண்ணாடி டப்பா. மேல "மொத்த டிஎச்சி 762 மிகி/கி"ன்னு போட்டிருக்கு. டிஎச்சின்னா போதை தர்ற சரக்குன்னு மட்டும் தெரியும். இந்த நம்பரை எப்படிப் படிக்கிறதுன்னே எனக்குத் தெரியலை. "கெமிக்கலே கிடையாது மச்சி, ஷாட்டர் மாதிரி இல்லை, இதுதான் சேஃப்"னு அவன் சொல்றான். உண்மையா?

முதல் தடவைன்னா எவ்வளவு எடுக்கணும்? ரெண்டாவது, திங்கட்கிழமை காலையில திரும்பும்போது நான்தான் வண்டி ஓட்டணும், என்கிட்ட ஜி2 (புது டிரைவர்) லைசன்ஸ். மூணாவது, வீட்டுல ரெண்டு வயசுப் பையன் இருக்கான், டப்பாவை எங்க வைக்கிறது? தெரிஞ்சவங்க சொல்லுங்க. பிரசங்கம் வேண்டாம், ப்ளீஸ்.

பழைய_பிராம்ப்டன்:

பிரசங்கம் வேண்டாம்னு சொல்லிட்டீங்க, சரி. ஒரே வரி: பி.ஆர். கையில வர்ற வரைக்கும் அந்த டப்பாவைத் திருச்சிக்காரன்கிட்டயே திருப்பிக் கொடுத்துடுங்க. ஒரு கிராம் ரோசின் நாப்பது அம்பது டாலர் போகும், அவனுக்கும் சந்தோஷமா இருக்கும்.

ஸ்காபரோ_கடைக்காரி:

தம்பி, நான் ஸ்காபரோவில லைசன்ஸ் உள்ள ஒரு கஞ்சாக் கடையில கவுண்டரில நிக்கிறன். 2019 ஏப்ரலில ஒன்டாரியோவில கடையள் திறந்த காலம் தொட்டு இதுதான் வேலை. மருந்து, வருத்தம் சம்பந்தமாய் ஆலோசனை சொல்ல எங்களுக்கு அனுமதி இல்லை. அதை முதலே சொல்லிப்போடுறன், அதுக்கு இஞ்ச வேற ஆக்கள் இருக்கினம்.

முதல்ல அந்த 762ஐப் பாருங்கோ. ஒரு கிராமில 762 மில்லிகிராம் டிஎச்சி, அதாவது 76 வீதம். கடையில விக்கிற காய்ஞ்ச கஞ்சாப் பூ பெரும்பாலும் 20, 25 வீதம்தான். நீங்கள் நாலாய் வெட்டித் தின்ற கம்மீஸ் துண்டில இருந்தது 2.5 மில்லிகிராம். தின்கிற சாமான் பக்கெற் ஒண்டுக்குள்ள 10 மில்லிகிராமுக்கு மேல இருக்கக்கூடாது எண்டது கனடாச் சட்டம். அப்ப உங்கட கையில இருக்கிற அந்தச் சின்ன டப்பாக்குள்ள கம்மீஸ் எழுபத்தாறு பக்கெற் இருக்குது. உங்கட சிநேகிதர் பரிசெண்டு தந்தது அதைத்தான்.

சில பெட்டியளில டிஎச்சி எண்டு ஒரு குட்டி இலக்கமும், மொத்த டிஎச்சி எண்டு ஒரு பெரிய இலக்கமும் இருக்கும். குட்டியைக் காட்டி "அக்கா, இது மெல்லிசுதானே" எண்டு கேக்கிற ஆக்கள் கனபேர். செடியில கிடக்கிறது பெரும்பாலும் டிஎச்சிஏ எண்ட அமிலம். அது வெறியைத் தராது, சூடு பட்டாப் பிறகுதான் டிஎச்சியாய் மாறும். நீங்கள் சூடாக்கித்தானே இழுக்கப் போறியள், அப்ப மொத்தம்தான் உங்கட கணக்கு.

அளவுக்கு வாறன். இணையத்தில போய்த் தேடினா "அரிசி மணி அளவு" எண்டு போட்டிருப்பினம். எனக்கு அதைக் கண்டாலே கோபம் வரும். ஒரு அரிசி மணியின்ர எடைக்கு ரோசின் எடுத்தா 20 மில்லிகிராம் வரும். உங்கட டப்பாவில அது 15 மில்லிகிராம் டிஎச்சி. 2.5 தின்று படம் பார்த்துப் படுத்த மனுசன், அதை ஆறு மடங்காக்கி ஒரே மூச்சில இழுத்தா என்ன ஆகும்? அரிசியை விடுங்கோ. அஞ்சறைப் பெட்டியில இருந்து ஒரு கடுகை எடுத்து மேசையில வையுங்கோ. டாபர் எண்ட அந்தக் கம்பியின்ர நுனியில அவ்வளவுதான் ஒட்டியிருக்க வேணும். அதில ரண்டில இருந்து நாலு மில்லிகிராம் ரோசின் இருக்கும், டிஎச்சி மூண்டுக்கு மேல போகாது. ரோசின் அறைச் சூட்டில இளகி நூல் இழுக்கும், கம்பியைத் தூக்கேக்க நினைச்சதை விட ரண்டு மடங்கு கூட வந்திடும். டப்பாவைக் கொஞ்ச நேரம் ஃப்ரிட்ஜில வைச்சு எடுத்தால் கிள்ளுறது லேசு. கூட வந்ததைத் திரும்ப டப்பாவில வழிச்சுப் போடுறதில வெக்கம் ஒண்டும் இல்லை. பக்கத்தில நிண்டு சிரிக்கிறவன் சிரிச்சுப்போட்டுப் போகட்டும்.

"கெமிக்கல் இல்லை" எண்ட கதை. ரோசின் சூடும் அழுத்தமும் வைச்சுப் பிழியிறது, அது உண்மை. ஷாட்டரும் லைவ் ரெசினும் (பேர் கிட்டத்தட்ட ஒண்டு, ரோசின் வேற) பெரும்பாலும் பியூட்டேன் மாதிரி வாயுவால கழுவி எடுக்கிறது. லைசன்ஸ் உள்ள கொம்பனி எண்டால் மிச்சம் கிடக்கிற வாயுவைச் சோதிச்சுத்தான் வெளியில விடும். ரோசினுக்கு வாசம் நல்லம், விலை கூட, என்ர கையில காசு இருந்தால் நானும் அதைத்தான் எடுப்பன். ஆனால் பலத்தில ரண்டும் ஒரே வகுப்புத்தான். சுத்தம் எண்டதை மெல்லிசு எண்டு எடுக்காதையுங்கோ.

இன்னொண்டு, ஆரும் "வீட்டிலயே பியூட்டேன் போட்டு எடுப்பம்" எண்டு வெளிக்கிட்டால் அந்த இடத்தில நிக்காதையுங்கோ. அந்த வாயு காத்தை விடப் பாரம், தரையோட தங்கி நிக்கும், ஃப்ரிட்ஜ் மோட்டர் ஓன் ஆகிற பொறி காணும் வீடு பத்த. கனடாவில அது 14 வருசம் வரைக்கும் உள்ள தூக்கிப் போடக்கூடிய குற்றமும் கூட. தலைமயிர் நேராக்கிற அயனுக்குள்ள பூவை வைச்சு அமத்தி ரோசின் எடுக்கிறவை இருக்கினம். அதில வாயு இல்லை, அது வேற கதை.

இனி டோர்ச். குவார்ட்ஸ் சிவக்கச் சிவக்கச் சூடாக்கி, அதில போட்டு, இருமி இருமிக் கண்ணீர் விட்டால்தான் டாப் எண்டு நினைக்கிற கூட்டம் ஒண்டு இருக்குது. 2017இல போர்ட்லண்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்து ஆக்கள் இதைச் சோதிச்சுப் பார்த்தவை. வாசத்தைத் தாற டெர்பீன் சூடு கூடக் கூட உடைஞ்சு மெத்தாக்ரோலின், பென்சீன் மாதிரிச் சாமான் வருதெண்டு கண்டவை. பென்சீன் புற்றுநோய் தாற சாமான். அதனால சூட்டைக் குறைச்சு வைக்க வேணும். அதுக்குச் சரியான வழி இலக்கம் போட்டு வைக்கக்கூடிய மின்சார ரிக், அதில ஆகக் குறைஞ்ச எண். டோர்ச்சுத்தான் எண்டால் குளிர்ந்த பாங்கரில முதல்ல ரோசினை வைச்சு, மூடியால மூடி, கீழால மெதுவாய்ச் சூடு காட்டி, நுரைக்கத் தொடங்கினவுடன நெருப்பை எடுக்கிற முறை. அதுவும் தெரிஞ்ச ஒருத்தர், குடிக்காத ஒருத்தர் செய்ய வேணும். மரத்தால கட்டின காட்டேஜ், மேசையில பியர் போத்தல், கையில நெருப்பு. நினைக்கவே எனக்குப் பிடிக்கேல்லை.

மூச்சை அடக்கி வைச்சால் கூட ஏறும் எண்டதும் பொய், நெஞ்சுதான் கெடும். இழுத்தவுடன விடுங்கோ. பிறகு அரை மணித்தியாலம் ஒண்டும் செய்யாமல் இருங்கோ. இழுத்துச் சில நிமிசத்தில தொடங்கும், உச்சத்துக்குப் போக அரை மணித்தியாலம் வரைக்கும் எடுக்கும். "ஒண்டும் தெரியேல்லை" எண்டு பத்தாம் நிமிசத்தில ரண்டாவதை இழுத்தவைதான் பிறகு கடைக்கு வந்து "அந்தச் சாமான் சரியில்லை" எண்டு முறைப்பாடு வைக்கிறவை. அண்டைக்குக் குடி வேண்டாம். ரண்டும் சேர்ந்தால் தலை சுத்தி விழுறது, சத்தி எடுக்கிறது எல்லாம் கூட.

சாமான் எங்க வாங்கினது எண்டும் கேளுங்கோ. பெட்டியில வரி முத்திரை, சிவப்பு டிஎச்சிக் குறி, குழந்தை திறக்கேலாத மூடி மூண்டும் இருக்க வேணும். மெயில் ஓடரில மலிவாய் வாற வேப் கார்ட்ரிட்ஜை (கஞ்சா எண்ணெய்க் குப்பி)க் கையாலயும் தொடாதையுங்கோ. 2019இல அமெரிக்காவில சனம் நுரையீரல் கெட்டு ஆஸ்பத்திரிக்குப் போனது ஞாபகம் இருக்கும். 2020 பெப்ரவரி வரைக்கும் 2,807 பேர், அதில 68 பேர் செத்தவை. கள்ளச் சந்தைக் கார்ட்ரிட்ஜில கலந்த வைட்டமின் ஈ அசிட்டேட்தான் முக்கிய காரணம் எண்டு கண்டுபிடிச்சவை.

பிள்ளை இருக்கிற வீடெண்டால் பூட்டு உள்ள சின்னப் பெட்டி ஒண்டு வாங்கி, அதோட சேர்த்து ஃப்ரிட்ஜின்ர மேல்தட்டில. டாபர் கம்பி, துடைச்ச பஞ்சு எல்லாம் அதுக்குள்ள. கம்பியில ஒட்டினதே ஒரு குழந்தைக்குக் காணும். கம்மீஸையும் அதுக்குள்ள போடுங்கோ, அதுதான் பிள்ளையள் இனிப்பெண்டு தின்றது.

குடந்தை_கிச்சனர்:

அக்கா, இவ்வளவு விவரமா எழுதினதுக்கு ரொம்ப நன்றி. கடுகு கணக்கு பிரமாதம். ஆனா ஒண்ணு புரியலை. அந்தத் திருச்சிக்காரன் தினமும் ராத்திரி மூணு நாலு டாப் போடுறான். மறுநாள் காலை ஸ்டாண்டப் மீட்டிங்ல ஒழுங்கா பேசுறான். அவனுக்கு ஒண்ணும் ஆகலையே. அப்புறம், நேர்மையா கேக்குறேன், நீங்க என் இடத்துல இருந்தா அந்த வீக்கெண்ட் என்ன செய்வீங்க?

ஸ்காபரோ_கடைக்காரி:

அவருக்கு ஒண்டும் ஆகேல்லை எண்டதுதான் தம்பி விசயமே. உடம்பு பழகிப் போச்சு. 2020இல கொலராடோப் பல்கலைக்கழகத்தில பழகின ஆக்களை வைச்சு ஒரு ஆய்வு செய்தவை. பூ இழுக்கிறவையை விட கான்சென்ட்ரேட் (ரோசின், ஷாட்டர் மாதிரிச் செறிவான சாமான்) இழுத்தவையின்ர ரத்தத்தில டிஎச்சி ரண்டு மடங்குக்கு மேல. ஆனால் வெறி எவ்வளவு எண்டு கேட்டால் ரண்டு கூட்டமும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் சொன்னவை. விளங்குதோ? அவ்வளவு காசும் அவ்வளவு சாமானும் ஏத்தி, பூக்காரன் நிக்கிற அதே இடத்திலதான் அவரும் நிக்கிறார். கடை நடத்துறவைக்கு அவரைப் போல ஆள் தேவை, எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாய் இருக்குது. அவர் அளந்து தாறதை மட்டும் வாங்காதையுங்கோ. அவருக்குக் கொஞ்சம் எண்டது உங்களுக்குக் கொஞ்சம் இல்லை.

உங்கட இடத்தில நான் எண்டால் ரோசினை வீட்டில பூட்டி வைச்சிட்டுப் போவன். காட்டேஜுக்கு ஒரு கிராம் பூ, டிஎச்சி 10 வீதத்துக்குக் கீழ, சிபிடியும் (வெறி தராத கஞ்சாச் சத்து) சமனாய் உள்ளது. அதை எரிக்காமல், பூ போடுற வேப்பரைசரில ரண்டு இழுப்பு. கடையில வந்து "சமனாய் உள்ளது தாங்கோ" எண்டு கேட்டால் எடுத்துத் தருவினம். கவுண்டரில நிக்கிற பெடியன் 30 வீதச் சாமானை நீட்டினால் வேற ஆளைக் கூப்பிடுங்கோ. அது சரிப்பட்டு வந்தால், பிறகொரு சனிக்கிழமை, உங்கட வீட்டில, பிள்ளை அம்மாவோட இருக்கிற நேரம் பார்த்து, அந்தக் கடுகு. ரோசின் ஃப்ரிட்ஜில பழுதாகாமல் கிடக்கும், அதுக்கு அவசரம் இல்லை.

இரவுப்பணி_மதுரை:

மிஸிஸாகாவுல எமர்ஜென்சி நர்ஸ். மேலே அக்கா சொன்னதுல நான் திருத்த ஒண்ணுமில்லை. அவங்க சொல்லக்கூடாதுன்னு விட்டதை நான் சொல்றேன்.

எங்ககிட்ட வர்றவங்க யாரும் "நிறைய எடுத்துட்டேன்"னு சொன்னதே கிடையாது. எல்லாருக்கும் "ஒரே ஒரு இழுப்புதான் சிஸ்டர்". மானிட்டர் மாட்டினா பல்ஸ் 130. கை சில்லுனு இருக்கும், நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு "சாகப் போறேன், எங்க அம்மாவுக்குப் போன் பண்ணுங்க"ன்னு அழுவாங்க. கான்சென்ட்ரேட்ல வர்ற பயம் கம்மீஸ்ல வர்ற மாதிரி மெதுவா ஏறாது, மொத்தமா வந்து அடிக்கும். பெரும்பாலானவங்களுக்கு வெளிச்சம் குறைஞ்ச ரூம், தண்ணி, பக்கத்துல உக்காந்து பேச ஒரு ஆள், அவ்வளவுதான் வைத்தியம். சில மணி நேரத்துல தானா இறங்கிடும். அதனால காட்டேஜ்ல எதுவுமே எடுக்காத ஒரு ஆள் இருக்கணும். வாந்தி எடுக்கிறவங்களை மல்லாக்கப் படுக்க வைக்காதீங்க, ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. நெஞ்சு வலி, மயக்கம், வலிப்பு, தட்டி எழுப்பினாலும் எழும்பலை, இல்லாத ஆள் குரல் கேக்குதுன்னு சொல்றது, இதுல எது இருந்தாலும் யோசிக்காம 911. மஸ்கோகா பக்கம் ஆம்புலன்ஸ் வர நேரம் எடுக்கும், காட்டேஜோட முகவரியை முன்னாடியே எல்லார் போன்லயும் எழுதி வச்சுக்குங்க. சந்தேகமா இருந்தா விஷ முறிவு மையம் 1-844-764-7669, எந்த நேரமும் எடுப்பாங்க. குழந்தை எதையாவது வாயில போட்டா அறிகுறி வரட்டும்னு காத்திருக்கவே கூடாது. எங்ககிட்ட வந்ததும் என்ன எடுத்தீங்கன்னு உண்மையைச் சொல்லுங்க. நாங்க போலீஸ் இல்லை, அதுவும் இது சட்டப்படி வாங்குற பொருள்.

இப்ப நம்ம ஆளுங்களுக்குன்னு ஒண்ணு. குடும்பத்துல யாருக்காவது மனச்சிதைவு மாதிரி மனநோய் இருந்திருந்தா கஞ்சா பக்கமே போகாதீங்கன்னு கனடாவோட குறைந்த அபாய வழிகாட்டியே சொல்லுது. இதை நான் நம்ம பசங்ககிட்ட கேட்டா எல்லாரும் "அப்படி யாரும் இல்லை"ம்பாங்க. எப்படித் தெரியும்? நம்ம வீட்டுல யாரு சொன்னா? சித்தப்பா ஒருத்தர் கல்யாணமே பண்ணிக்காம மாடி ரூம்ல இருந்திருப்பார், "அவன் ரொம்பப் படிச்சு மூளை சூடாயிடுச்சு"ன்னு பாட்டி சொல்லியிருப்பாங்க. அத்தை ஒருத்தங்களைக் கோயில்ல கொண்டுபோய் விட்டிருப்பாங்க, பேய் பிடிச்சிருக்குன்னு. அதெல்லாம் என்னன்னு அம்மாவுக்குப் போன் போட்டுக் கேளுங்க. காரணம் சொல்ல வேண்டாம், இன்சூரன்ஸ் ஃபாரம் நிரப்புறேன்னு சொல்லுங்க, சொல்லிடுவாங்க. லண்டன், பாரிஸ்னு பல ஊர்ல சேர்த்துப் பாத்து 2019ல லான்செட் சைக்கியாட்ரில வந்த ஆய்வுல, டிஎச்சி 10 சதவீதத்துக்கு மேல இருக்கிறதைத் தினமும் எடுத்தவங்களுக்கு மனநோய் வர்ற வாய்ப்பு எடுக்காதவங்களை விடக் கிட்டத்தட்ட அஞ்சு மடங்கு. அங்க 10. உங்க டப்பால 76.

பிரஷர், இதயம், ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின், வலிப்பு மாத்திரை, இதுல எது இருந்தாலும் முதல்ல டாக்டர். கர்ப்பம், தாய்ப்பால்னா வேண்டவே வேண்டாம். அந்தத் திருச்சிக்காரர்கிட்டயும் ஒண்ணு கேளுங்க: அடிக்கடி காலையில குமட்டல் இருக்கா, சுடுதண்ணில குளிச்சா மட்டும் நல்லா இருக்கா? ரொம்ப நாள் தினமும் எடுக்கிறவங்களுக்கு அப்படி ஒரு வாந்தி நோய் வருது. வயித்துக்கு ஸ்கேன் மேல ஸ்கேன் எடுத்துட்டு எதுவும் இல்லைன்னு அலைவாங்க. நிறுத்தினாத்தான் நிக்கும்.

எல்லைக்கோடு:

மருத்துவம் எனக்குத் தெரியாது. குடிவரவுக் கோப்புகளோடுதான் என் பிழைப்பு. வண்டி ஓட்டுவது பற்றிக் கேட்டிருந்தீர்கள், அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

ஜி2 உரிமத்துக்கு ஒன்டாரியோவில் கஞ்சா விஷயத்தில் பூஜ்ய சகிப்பு. கொஞ்சம் இருந்தது, நிதானமாகத்தான் ஓட்டினேன் என்ற பேச்சுக்கு இடமில்லை. முழு உரிமம் இருந்தாலும் ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் 2 நானோகிராம் டிஎச்சி இருந்தாலே குற்றம், 5 தாண்டினால் இன்னும் கடுமை. இழுத்த பொருளின் தாக்கம் ஆறு மணி நேரம் வரை இருக்கலாம், மிச்சசொச்சம் ஒரு நாள் வரை. ஞாயிறு இரவு எடுத்துவிட்டுத் திங்கள் காலை ஹைவே 400இல் விடுமுறை நெரிசலுக்கு நடுவே ஓட்டுவதா? எடுப்பதானால் சனிக்கிழமையோடு முடித்துக்கொள்ளுங்கள், அல்லது வேறு யாரையாவது ஓட்டச் சொல்லுங்கள்.

நீங்கள் கனடாக் குடிமகன் இல்லை என்பதால் இதில் இன்னொரு அடுக்கும் இருக்கிறது. 2018 டிசம்பர் 18 முதல் போதையில் வண்டி ஓட்டும் குற்றத்துக்கு அதிகபட்சத் தண்டனை 10 ஆண்டு. அதனால் குடிவரவுச் சட்டத்தின் கண்ணில் அது கடுங்குற்றம். நீதிபதி வெறும் அபராதத்தோடு விட்டாலும் சரி, பி.ஆர். விண்ணப்பம் அங்கேயே நின்றுபோகலாம். ஏற்கெனவே பி.ஆர். வைத்திருப்பவரையே நாட்டை விட்டு அனுப்ப அது போதும். கடையில் சட்டப்படி வாங்கி வீட்டில் உபயோகிப்பது பிரச்சினை இல்லை. ஸ்டியரிங்கைத் தொடும்போதுதான் எல்லாம் தலைகீழாகிறது.

பையில் போட்டுக்கொண்டு எல்லை தாண்டாதீர்கள். நயாகராவுக்கு அந்தப் பக்கம் நியூயார்க்கில் கடை இருக்கிறதே என்று கேட்பார்கள். எல்லைக்கோடு மத்திய அரசுடையது, இரண்டு திசையிலும் குற்றம். அமெரிக்க அதிகாரி முன்பு உபயோகித்தது உண்டா என்று கேட்டால் பதிலைப் பொறுத்து நுழைவு மறுக்கப்படலாம். போனில் டாப் படங்களை வைத்துக்கொண்டு போகிறவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். ஊருக்குப் போகும்போது ஜாக்கெட் பையில் மறந்து கிடக்கும் ஒரு வேப் பேனாகூட ஆபத்து. இந்தியாவின் 1985 போதைப்பொருள் சட்டத்தில் சரஸ் என்றால் செடியிலிருந்து பிரித்த பிசின், அது எந்த வடிவில் இருந்தாலும்; ஹாஷிஷ் எண்ணெயும் அதில் அடக்கம். உங்கள் ரோசின் அப்படியே அதற்குள் விழும். சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் இதைப் படித்தால்: வெளிநாட்டில் எடுத்தாலும் உங்கள் ஊர்ச் சட்டப்படி குற்றம்தான், சாங்கியில் இறங்கியதும் சிறுநீர்ச் சோதனைக்கு நிறுத்தலாம். சிறுநீரில் அது பல நாள் தங்கும், தொடர்ந்து எடுப்பவருக்கு வாரக்கணக்கில்.

குடந்தை_கிச்சனர்:

எல்லாருக்கும் நன்றி. அம்மாவுக்குப் போன் போட்டேன். இன்சூரன்ஸ் ஃபாரம்னுதான் சொன்னேன். அப்பாவோட தம்பி ஒருத்தர் பத்தி இதுவரைக்கும் நான் கேள்விப்படாத கதை ஒண்ணு வந்துச்சு. கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரியில ரெண்டு தடவை சேர்த்திருக்காங்களாம். நான் பொறந்ததுக்கு அப்புறமும் ஒரு தடவை.

இரவுப்பணி_மதுரை:

அப்பாவோட சொந்தத் தம்பின்னா உங்களுக்குக் கிட்டத்து ரத்தம். என் பதில்: ரோசின் வேண்டாம், அக்கா சொன்ன பூவும் வேண்டாம். கம்மீஸையும் ஃபேமிலி டாக்டர்கிட்ட இதைச் சொல்லிப் பேசுற வரைக்கும் நிறுத்தி வைங்க. காட்டேஜ்ல எதுவுமே எடுக்காத ஒரு ஆள் வேணும்னு சொன்னேன்ல, அது நீங்களா இருங்க.

ஸ்காபரோ_கடைக்காரி:

தங்கச்சி சொல்லுறதைக் கேளுங்கோ தம்பி. டப்பா இன்னும் திறக்கேல்லைத்தானே? அப்பிடியே சிநேகிதரிட்டக் குடுங்கோ, பழைய பிராம்ப்டன் முதலே சொன்னவர். டோர்ச்சை மட்டும் காட்டேஜுக்குக் கொண்டு வரவேண்டாம் எண்டு அவரிட்டச் சொல்லிவிடுங்கோ.

குடந்தை_கிச்சனர்:

திறக்கலை அக்கா, சீல் அப்படியே இருக்கு. இன்னைக்கு லஞ்ச்ல கொடுத்துட்டேன். டார்ச் விஷயமும் சொன்னேன், முறைச்சான். திங்கட்கிழமை நான்தான் ஓட்டுறேன்.